விசாரணைக்கு வந்தவர்

அவர் பெயர் எனக்குத் தெரியாது. தாலுகா ஆபீஸிலிருந்து விசாரணைக்கு வந்தவர், அவ்வளவுதான். ஒல்லியான ஆள், காதோரம் நரை. வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு, காகிதக் கட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு உள்ளே வந்தார்.

விஷக்காய்ச்சலில், தறி நெய்துகொண்டிருந்த என் வீட்டுக்காரருக்கு இரண்டு கால்களும் விழுந்துவிட்டன. அரசாங்க உதவித்தொகைக்கு மனு போட்டிருந்தேன். அதிகாரி வருகிறார் என்றதும் எனக்கு மானம் முந்திக்கொண்டது. இவரைக் குளிப்பாட்டி, கல்யாண வேட்டி கட்டி, தம்பியோடு சேர்ந்து தூக்கித் தறியில் உட்காரவைத்துவிட்டேன். முட்டாள்தனம்தான்.

நெய்கிற ஆளுக்கு உதவி எதற்கு என்று அவர் திரும்பிப் போயிருக்கலாம். தறிக்குழிக்குள் குனிந்து பார்த்தார். மிதிக்கட்டை ஒரு பக்கம் இருக்க, பாதங்கள் ஒரு பக்கம் துவண்டு கிடந்தன.

"ஏம்மா, தெனமும் இங்கதான் குந்திக்கினு இருப்பாரா?"

"இல்லீங்க. நீங்க வர்றீங்கன்னுதான்..."

"நான் வராத அன்னிக்கி எப்படி இருப்பாரோ அப்படியே இருக்கட்டும்மா. அதத்தான் நான் எழுதணும்."

தம்பி வேலைக்குப் போய்விட்டிருந்தான். இவரைத் தறியிலிருந்து இறக்க நான் தோளைப் பிடித்தேன். அவர் காகிதத்தைக் கீழே வைத்துவிட்டுக் கால்களைப் பிடித்தார்.

"ஐயோ சார், காலத் தொடாதீங்க!" என்று இவர் கூசிப்போனார்.

"சும்மா இருப்பா."

பாயில் படுக்கவைத்ததும் ஒரு பழந்துணியைக் கேட்டு வாங்கி, மடித்து, கணுக்காலுக்கு அடியில் வைத்தார். "குதிகால் தரையில படக்கூடாதும்மா, புண்ணாயிடும்."

உதவித்தொகை வந்தது. இவருக்குக் குதிகாலில் கடைசிவரை புண் வரவில்லை.

அவர் வீட்டில் யார் இப்படிப் படுத்திருந்தார்களோ? அன்றைக்கு எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.