மங்கை தண்ணீர் ஊற்றிய தூண்

எங்கள் குடியிருப்பில் மங்கையைத் தெரியாதவர் கிடையாது. வாய் அப்படி. திருவொற்றியூரில் கடலை ஒட்டி அரசாங்கம் கட்டிக்கொடுத்த மூன்று மாடிக் கட்டடம் எங்களுடையது. அவள் வீடு தரைத்தளத்தில். பதினைந்து வயதில் சித்தாள் வேலைக்குப் போனவள். நாற்பது வயதுக்குள் எத்தனை வீடு எழும்பக் கலவை சுமந்தாளோ, அவளுக்கே தெரியாது. புருஷன் போன பிறகு அவளுக்கென்று மிஞ்சியது இந்த ஒற்றை அறையும் அடுப்படியும்தான்.

2004-இல் அதற்கும் ஆபத்து வந்தது. உப்புக்காற்றில் தூண்களின் கம்பி துருப்பிடித்து உப்பி, கான்கிரீட் பெயர்ந்து விழ ஆரம்பித்தது. சிமெண்ட் வைத்துப் பூசினால் ஒரு மழைக்குத் தாங்கவில்லை. கட்டடத்தை இடித்துவிட்டு எங்களை ஊருக்கு வெளியே எங்கோ அனுப்பப் போவதாகப் பேச்சு.

அப்போதுதான் ஜுபைர் வந்தார். ராயபுரத்துக்காரர், பொறியியல் கல்லூரியில் பாடம் நடத்துகிறவர். சிமெண்டே இல்லாத கலவை ஒன்று இருக்கிறது, பெயர் ஜியோபாலிமர் என்றார். அனல்மின் நிலையத்துச் சாம்பல், கொஞ்சம் இரும்பு ஆலைக் கசடு, மணல். தண்ணீருக்குப் பதில் காஸ்டிக் சோடாவும் சிலிகேட்டும் சேர்ந்த கரைசல். அதிகாரிகள் மங்கை வீட்டு வாசலில் நிற்கும் ஒரே ஒரு தூணுக்கு ஒத்துக்கொண்டார்கள். ஏழாம் நாள் சோதனையில் தேறினால் மற்றப் பதினொன்றையும் சரிசெய்யலாம். தேறாவிட்டால் எல்லோரும் காலி செய்ய வேண்டியதுதான்.

மேஸ்திரியாக வேலப்பன், சித்தாளாக மங்கை. "சாம்பல வெச்சி பாத்திரம் வெளக்கிக்கீறேன், தூணு பூசினதில்ல சார்" என்று கிண்டலடித்தாள். ரப்பர் கிளவுஸ் வேண்டாம் என்று வீம்பு பிடித்தவளுக்குக் கரைசல் ஒரு சொட்டு பட்டு விரல் வெந்ததும் கிண்டல் அடங்கியது. துருவைச் சுரண்டி, கலவையை அப்பி, கறுப்பு பிளாஸ்டிக் தாளைச் சுற்றினார்கள்.

"தண்ணி மட்டும் ஊத்தாதீங்க. இதுக்கு வெயில் சூடுதான் வேணும். மூணு நாள் கழிச்சு தாளை எடுத்துட்டு அப்படியே விட்டுடுங்க" என்று ஜுபைர் தலைபாடாய் அடித்துக்கொண்டு சொல்லிவிட்டுப் போனார்.

யாரிடம் சொன்னார்? இருபத்தைந்து வருஷமாகக் காலையில் முதல் வேலையாகப் புதுப்பூச்சுக்குத் தண்ணீர் ஊற்றியவளிடம். நான்காம் நாள் விடியற்காலை, லாரித் தண்ணீர் பிடித்துக்கொண்டு தூக்கக் கலக்கத்தில் வந்தவள், தாள் எடுத்திருந்த தூணைப் பார்த்ததும் குடத்தைச் சாய்த்துவிட்டாள். ஒரு குடத்துக்கு அடிதடி நடந்த வருஷம் அது. குடம் காலியான பிறகுதான் அவளுக்கு உறைத்தது. படிக்கட்டில் பல் தேய்த்துக்கொண்டிருந்த நான் மட்டும் பார்த்தேன்.

"அண்ணே, யாராண்டயும் சொல்லிடாதே" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். நானும் சொல்லவில்லை. எனக்கு மட்டும் வேறு வீடா இருந்தது?

ஆறாம் நாள் தூண் முழுக்க வெள்ளை பூத்திருந்தது. மறுநாள் கலவையை இழுத்துப் பார்க்கும் சோதனைக்காகத் தூணில் இரும்பு வில்லை ஒட்ட வந்த ஜுபைரின் முகம் சுண்டிப்போனது. சாம்பல் சரியில்லையோ என்று முணுமுணுத்தார். பிறகு வேலப்பனிடம் அளவு சரியாகப் போட்டாயா என்று மூன்று தரம் கேட்டார். மங்கை காலிக் கலவைச் சட்டியைத் திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை, அதிகாரிகள் வருவதற்குள் அவளே ஜுபைர் முன்னால் போய் நின்றாள். "சாம்பல் மேல தப்பில்ல சார். மேஸ்திரி மேலயும் இல்ல. நான்தான் ஒரு கொடம் தண்ணி ஊத்திட்டேன், பழக்கதோசம். இது பேந்துச்சின்னா வேற தூண்ல பாக்க சொல்லு. காலி பண்ணித்தான் ஆவணும்னா என்னை மட்டும் அனுப்பு."

அவர் திட்டவில்லை. "என்னைக்கு ஊத்தினீங்க?" என்றுதான் கேட்டார்.

"தாள எடுத்த மறுநாள்."

ஈரத்துணியால் வெள்ளையைத் துடைத்தார். அடியில் கலவை கல்லாகத்தான் இருந்தது. மூன்று நாள் சூட்டில் இறுகிய பிறகு பட்ட தண்ணீர், மேலே உப்பை மட்டும்தான் பூக்க வைத்திருக்கும். ஆனாலும் இழுத்துப் பார்க்காமல் சொல்ல முடியாது என்றார்.

அதிகாரிகள் வந்தார்கள். ஒட்டியிருந்த வில்லையில் கருவியை மாட்டினார்கள். கைப்பிடியைச் சுற்றச் சுற்ற அது வில்லையை வெளியே இழுத்தது. படக்கென்று வில்லை பிய்ந்து வந்தது. "போச்சு" என்று கத்தியது நான்தான். மங்கை கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

ஜுபைர் வில்லையைத் திருப்பிக் காட்டினார். புதுக்கலவை அதில் முழுசாக இருந்தது. அதன் முதுகில் பழைய கான்கிரீட் ஒரு பத்தை ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. "உடைஞ்சது பழசு. நம்ம கலவை பிடியை விடவே இல்ல." அதிகாரி கண்ணாடியை ஏற்றிவிட்டு இரண்டு தரம் பார்த்தார். பிறகு, மற்றத் தூண்களையும் ஆரம்பியுங்கள் என்றார்.

மங்கை அப்படியே கீழே உட்கார்ந்து, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். "எழுந்திரும்மா, யாரும் எங்கயும் போக வேணாம்" என்றார் ஜுபைர்.

"இரு சார். என் வூட்டு வாசல்ல செத்த நேரம் குந்திகினு கீறேனே" என்றாள்.