கம்பளி போர்த்திய அலாரம்

புது ஃபிரிட்ஜ் வாங்கியிருக்கிறோம். கதவைச் சரியாகச் சாத்தாவிட்டால் கூவுகிறது, சாத்தும்வரை விடாது. பால் பாக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு யோசனையில் நின்ற என்னிடம் மனைவி, "அதுக்கு இருக்கிற பொறுப்பு உங்களுக்கு இல்ல" என்றாள். இருக்கலாம். நான் அப்போது அந்த ஃபிரிட்ஜை ஸ்ரீதரன் சாரோடு ஒப்பிட்டுக்கொண்டிருந்தேன். ஃபிரிட்ஜ்தான் ஜெயித்தது.

அமீரகத்தின் ராஸ் அல் கைமாவில் ஒரு டைல் தொழிற்சாலையில் அவர் எங்கள் ஐ.டி. மேனேஜர். சான்றிதழ்களைச் சட்டம் போட்டுத் தன் அறையில் மாட்டியிருந்தார். களிமண் தூசி படியாமல் அவற்றைத் தினமும் துடைக்க ஆள் உண்டு. சர்வர் அறைக்கு அந்தப் பாக்கியம் இல்லை. அந்தத் தூசிக்கு நனைந்த சிலேட்டின் வாசனை. இன்றும் எங்காவது வீட்டுத் தரைக்கு டைல் அறுத்தால், எனக்கு அந்த அறைதான் மூக்கில் ஏறும்.

அறையில் ஒரு சர்வர், அதற்குள் நான்கு ஹார்ட் டிஸ்குகள். நான்கையும் ஒரு கூட்டுக் குடும்பமாகக் கட்டிவைக்கும் ஏற்பாட்டுக்கு ரெய்ட் என்று பெயர். ஒன்று செத்தால் மற்ற மூன்றும் சேர்ந்து அதன் பங்கையும் கணக்குப் போட்டுச் சொல்லிவிடும். இரண்டு செத்தால் குடும்பமே காலி. கறுப்புத் திரையில் ஒரு வரி தட்டினால் நான்கின் உடல்நிலையும் வரும். முதல் டிஸ்க் சாகும்போது சர்வரே கூவவும் செய்யும். அடுத்த சாவுக்கு முன் ஆளைக் கூப்பிடத்தான் அந்தக் கூவல்.

எதற்கும் காலம் குறித்துவைப்பது என் வியாதி. அது கூவியது ஒரு வியாழக்கிழமை, விருந்தாளிகள் வந்திருந்த நாள். அரசாங்க வார விடுமுறை வியாழன், வெள்ளியிலிருந்து வெள்ளி, சனிக்கு மாறியது 2006-இல். அதற்கு முன் எந்தப் பெரிய மனிதரும் வியாழனன்று தொழிற்சாலைப் பக்கம் தலைகாட்டியதில்லை. 2008-இல் கட்டுமானமெல்லாம் படுத்த பிறகு விருந்தாளி ஏது? ஆகவே 2007 என்று வைத்துக்கொள்ளலாம்.

சர்வர் அறைக்கும் ஷோரூமுக்கும் நடுவே ஒரு மெல்லிய சுவர்தான். அங்கே விருந்தாளிகளுக்குக் கஹ்வா என்ற அரபுக் காப்பியும் பேரீச்சம்பழமும் பரிமாறிக்கொண்டிருந்த ஸ்ரீதரன் சார் ஓடி வந்தார்.

"அதை நிறுத்துப்பா. கெஸ்ட் என்ன நினைப்பாங்க?"

"ஒரு டிஸ்க் போயிடுச்சு சார். புதுசு வாங்கணும்."

"வாங்கலாம், வாங்கலாம். முதல்ல வாயை மூடு. அதோட வாயைச் சொன்னேன்."

இதற்கு இரண்டு கட்டளைகள் உண்டு. இப்போதைக்குச் சும்மா இரு என்பது ஒன்று. இனி எதற்குமே வாய் திறக்காதே என்பது இன்னொன்று. நான் முதலாவதைத் தட்டப் போனேன். திரும்பவும் கூவுமா என்று கேட்டார். அடுத்தது செத்தால் கூவும் என்றேன். அப்படியானால் இரண்டாவதைப் போடு என்று பின்னால் நின்று போட வைத்தார். கறுப்புத் திரையைத் தொடுவது அவருக்குக் கௌரவக் குறைவு. மாற்று நகல்? இருந்தது. அதே சர்வரில், பக்கத்து ஃபோல்டரில். அதுவும் அவர் ஏற்பாடுதான். வீட்டுச் சாவி தொலைந்துவிடும் என்று இன்னொரு சாவியை அதே வளையத்தில் கோக்கும் ரகம்.

அந்த சர்வரில்தான் குமரேசனின் டிசைன்கள் இருந்தன. மன்னார்குடிக்காரர். விசாவில் ஹெல்பர், வேலையில் டைலுக்குப் பூவும் கொடியும் வரைபவர். ஹெல்பர் விசாவுக்குக் குடும்பத்தை வரவழைக்க முடியாது. புது டிசைன்களைப் பார்த்துத் திருப்தியானால் டிசைனர் என்று மாற்றித் தருவதாக முதலாளி சொல்லியிருந்தார். அதை நம்பி மனைவியை வேலையை விடச் சொல்லிவிட்டார் குமரேசன்.

நான் தினமும் காலையில் அந்த ஒரு வரியைத் தட்டி, மூன்று உயிரோடு இருப்பதைப் பார்த்துவிட்டுத்தான் டீ குடிப்பேன். பிறகு எனக்கு லீவு வந்தது. ஊருக்குப் போகுமுன், யாரையாவது தினமும் பார்க்கச் சொல்லுங்கள் என்று சாரிடம் கேட்டேன். "அதான் பேசாம இருக்கே" என்றார். நோயாளி முனகுவதை நிறுத்தினால் டிஸ்சார்ஜ் செய்துவிடும் டாக்டராக அவர் போயிருக்கலாம். ஆபத்து அங்கே சிலரோடு முடிந்திருக்கும்.

திரும்பி வந்தபோது இரண்டாவது டிஸ்கும் செத்திருந்தது. எனக்குத் தெரிந்த எல்லா வரிகளையும் தட்டினேன், தெரியாத சிலவற்றையும். ஒன்றும் மீளவில்லை. ஸ்ரீதரன் சார் முதலாளிக்குச் சொன்ன காரணம், வெயில்.

குமரேசன் என்னிடம் கோபப்படவில்லை. "ஷோரூம் தரையில நம்ம பழைய டிசைன் கொஞ்சம் கிடக்குல்ல தம்பி? அதையாவது எடுத்துப்புடுறேன்" என்று டிரேசிங் பேப்பரோடு போய் மண்டியிட்டார். தான் வரைந்ததைத் தானே தரையிலிருந்து படியெடுத்துக்கொண்டிருந்தார். அந்தப் பக்கம் விருந்தாளிகளோடு வந்த ஸ்ரீதரன் சார், ஒரு நொடிகூடத் தடுமாறாமல் "குவாலிட்டி செக்" என்றார். அவர்கள் தலையசைத்துக்கொண்டு பேப்பரைத் தாண்டிப் போனார்கள்.

முதலாளி படியெடுத்த தாள்களைப் பார்த்தார். இதெல்லாம் ஏற்கெனவே விற்ற சரக்குதானே, புதியது எங்கே என்றார். அப்புறம் அரபியில் "கலாஸ்", முடிந்தது என்று. குமரேசன் ஹெல்பராகவே இருந்தார். அவர் மனைவி பழைய வேலையைத் திரும்பக் கேட்டுப் போனபோது, அங்கே வேறு ஆள் இருந்தது.

நான் ஷார்ஜாவில் வேறு வேலை தேடிக்கொண்டேன். அதற்குள், செத்தவற்றுக்குப் பதிலாக வாங்கிப் போட்ட புது டிஸ்குகளிலும் ஒன்று செத்திருந்தது. வாங்கலாம், வாங்கலாம் என்றுதான் அப்போதும் பதில். கடைசி நாள், பெட்டியைக் கட்டிவிட்டு, அந்த இரண்டாவது கட்டளையை ரத்து செய்யும் வரியைத் தட்டினேன். உடனே கூவத் தொடங்கியது. அதைக் கேட்டுக்கொண்டே கேட்டைத் தாண்டினேன்.

மறுநாள் குமரேசன் போன் செய்தார். ஸ்ரீதரன் சாருக்குக் கட்டளை தெரியாது, யாரிடமும் கேட்கக் கௌரவம் விடவில்லை. தொழிலாளர் கேம்பிலிருந்து கம்பளிகளை வரவழைத்துச் சுவரோரம் அடுக்கி, மிச்சத்தைச் சர்வர் மேலேயே போர்த்திவிட்டாராம். "உள்ளுக்குள்ள கத்திக்கிட்டுத்தான் இருக்கு தம்பி. குளிர்ல கெடக்குற புள்ள மாதிரி போத்தி வச்சிருக்காரு" என்றார். சிரித்தாரா என்று போனில் சரியாகத் தெரியவில்லை.

அந்த ஷோரூமே இப்போது இல்லை. தரையைப் பெயர்த்து வெளிநாட்டுப் பளிங்கு போட்டார்கள் என்றும், பிறகு அந்தக் கட்டடத்தையே இடித்தார்கள் என்றும் கேள்வி. அந்த மாதிரி சர்வர் அறைகளும் போய்விட்டன. நம்முடைய படங்களும் எழுத்துகளும் எந்த ஊரில், எந்த டிஸ்கில் இருக்கின்றனவென்று நமக்குத் தெரியாது. அங்கே ஒன்று செத்தால் நம் காதில் விழாது. சுவருக்கு இந்தப் பக்கம் நம் கஹ்வா விருந்து தடங்கலில்லாமல் நடக்கிறது. ஸ்ரீதரன் சார் கம்பளியைப் போட்டு முயன்றது, அவர் இல்லாமலே முழுசாகக் கைகூடிவிட்டது.