பெரட்டுத் தப்பும் புஜைராவில் கேட்ட பாட்டும்

பனியில் ஊறிய தப்புப் பறையின் தோலை நெருப்புக்கு நேரே காட்டும்போது முதலில் ஓர் ஈர மணம் வரும், நனைந்த கம்பளியை வெயிலில் போட்டது போல. அது மெல்லப் போய், லேசாகக் கருகும் மணம் எட்டிப் பார்க்கிற நேரத்தில் தப்பைப் பின்னுக்கு இழுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் தோல் வெடித்துவிடும். இது எனக்கு ஏழு வயதிலேயே தெரியும். இலங்கை மலைநாட்டில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் விடியுமுன் "பெரட்டு"க்கு, அதாவது மலைக்கு ஏறுமுன் எல்லோரும் கூடிப் பேர் கொடுக்கிற இடத்துக்கு, ஆட்களைக் கூப்பிடத் தப்படித்தவர் என் அப்பா. தோல் தொய்ந்திருந்தால் சத்தம் மேட்டிலுள்ள "லயத்து" வரிசை வீடுகளுக்கு ஏறாது, சத்தம் ஏறாவிட்டால் அங்குள்ளவர்கள் பிந்தி வருவார்கள், பிந்தி வந்தால் "அரைப்பேர்", பாதி நாள் கூலிதான். அதனால் எங்கள் வீட்டு அடுப்பில் தேத்தண்ணிக்கு முன்னால் தப்புதான் காயும்.

கவ்வாத்து வெட்டிய தேயிலைக் குச்சிகளை ஒடித்து நெருப்பு மூட்டிக் கொடுப்பது என் வேலை. அப்பா தப்பைத் திருப்பித் திருப்பிக் காட்டி, நடு விரலால் ஒரு தட்டுத் தட்டி, "என்ன சொல்லுது?" என்று என்னைக் கேட்பார். இன்னும் தூங்குது என்பேன். இன்னொரு சுற்றுக் காட்டுவார். முழிச்சிருச்சு என்று நான் சொன்ன பிறகுதான் வெளியே இறங்குவார். அந்த ஏழு வயது மாரிகாலம் முழுக்க என் காதை நம்பித்தான் ஒரு தோட்டமே எழும்பியது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது, எழுத்து அவ்வளவுதான், ஆனால் காது மட்டும் தேறிவிட்டது.

இதையெல்லாம் நான் வெளியில் சொன்னதில்லை. அமீரகத்தில், அல் ஐனில் ஓர் அரபு வீட்டில் இருபத்திரண்டு வருடம் சமைத்தேன், அந்தக் காசில் மகளைப் படிக்க வைத்தேன், அவள் யாழ்ப்பாணத்து இன்ஜினியர் ஒருவரைக் கட்டி இப்போது புஜைராவில் இருக்கிறாள், நானும் அவளோடுதான். சம்பந்தம் பேசும்போது மாப்பிள்ளையின் அம்மா, உங்கட தகப்பனாருக்கு என்ன உத்தியோகம் என்று கேட்டார். தப்பு என்று சொன்னால் அதோடு சேர்ந்து எங்கள் சாதியும் வெளியே வரும், மகளின் கல்யாணம் நின்றுபோகும் என்று பயந்து, தோட்டத்தில் கணக்கப்பிள்ளை என்று சொல்லிவிட்டேன். ஒரு பொய்யோடு அது நிற்கவில்லை. சம்பந்தி பார்க்க வரும்போதெல்லாம் ஏதாவது கேட்பார், நானும் அந்தக் கணக்கப்பிள்ளைக்குக் கறுப்புக் கோட்டு மாட்டினேன், அச்சுப் போன்ற கையெழுத்துக் கொடுத்தேன், துரையோடு இங்கிலீஷ் பேச வைத்தேன். ஏழு வருடத்தில் அவர் நல்ல பெரிய மனிதராக வளர்ந்துவிட்டார்.

போன மாசியில் சம்பந்தி விசிட்டில் வந்திருந்த நேரம், மாப்பிள்ளையின் ஆபீஸ்காரர்கள் சிலர் கடற்கரைப் பூங்காவில் பாட்டுக் கச்சேரி வைத்தார்கள். "ப்ளூகிராஸ்" என்று பேர் சொன்னார் மாப்பிள்ளை, அமெரிக்காவில் மலையில் இருக்கிற சனங்களின் பாட்டு என்றார். மலை என்று கேட்டதும் எனக்குப் போய்ப் பார்க்க ஆசை வந்துவிட்டது.

பொழுது சாய்கிற நேரம், மடக்கு நாற்காலிகள், ஒரு பக்கம் இறைச்சி சுடுகிற கரி அடுப்பு. மேடையில் ஐந்து பேர், ஐந்து பேருக்கும் ஒரே ஒரு மைக். ஒருவர் வாசிக்க வேண்டிய முறை வரும்போது மைக்குக்கு முன்னால் வருவார், முடிந்ததும் ஒதுங்குவார், மற்றவர் நுழைவார். ஒருவரையொருவர் இடிக்கவுமில்லை, யாரும் கை காட்டவுமில்லை. வேலைக்கு வந்த பெண்கள் தங்கி, ஒற்றை அடுப்பில் நான்கு பேர் சமைக்கிற கேம்ப் ரூமில் கூட இப்படி ஓர் ஒழுங்கை நான் கண்டதில்லை. ஆள் உயரத்துக்கு ஒரு பெரிய வயலினை நிற்க வைத்து ஒருவர் கட்டிப் பிடித்திருந்தார். ஒரு பெண் மூக்கால் பாடினாள், குரல் ஊசி போல ஏறிற்று. எனக்கு விளங்காத விஷயம் ஒன்றுதான்: கொட்டு எங்கே? பாட்டு ஓடுகிறது, காலெல்லாம் தானாகத் தாளம் போடுகிறது, மேடையில் மேளம் மாதிரி ஒன்றும் இல்லை. இரண்டு பாட்டுக்குத் தேடித்தான் கண்டுபிடித்தேன், சின்ன மேண்டலின் வைத்திருந்தவர் கம்பிகளைப் பிடித்து அமுக்கி, "சக், சக்" என்று வெட்டிக்கொண்டிருந்தார், அதுதான் தாளம்.

அப்புறம் கண் தாடிக்காரர் ஒருவரிடம் போயிற்று. என் வயதுதான் இருக்கும். வட்டமான வாத்தியம், மேலே கம்பிகள். "பேஞ்சோ" என்றாள் மகள். கம்பிக்கு அடியில் வெள்ளையாகத் தெரிந்ததைப் பார்த்ததும் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டேன், அது தோல். தப்புக்குப் பிடி வைத்து நரம்பு கட்டினால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது.

இருட்டத் தொடங்கியதும் கடல் ஈரம் இறங்கியது. முதலில் கணீரென்று இருந்த அந்த வாத்தியம் மொத்தென்று விழத் தொடங்கிற்று. தாடிக்காரர் ஒவ்வொரு பாட்டுக்கும் பிறகு முறுக்காணியைத் திருகிப் பார்த்தார், முகம் வாடிப் போனது. கம்பியில் குறையில்லை, தோல் தூங்குகிறது என்று எனக்குத் தெரிந்தது.

இடைவேளையில் அவர் எங்கள் வரிசைக்குப் பக்கத்தில் வந்து நின்றார். நான் எழுந்தேன். மகள் என் கையைப் பிடித்து, "அம்மா, வேணாம், உட்காருங்க" என்றாள், அவள் கண் சம்பந்தி பக்கம் போய் வந்தது. அவள் எதற்குப் பயப்படுகிறாள் என்று எனக்குத் தெரியாதா? கேட்டால் ஏழு வருடம் கட்டியது சரியும். கேட்காமல் இருக்கவும் என்னால் முடியவில்லை. அது என்ன தோல் என்று தெரிந்துகொள்ளாமல் வீட்டுக்குப் போய்ப் படுத்தால் எனக்கு எப்படித் தூக்கம் வரும்?

"மாப்பிள்ளை, அது ஆட்டுத் தோலா மாட்டுத் தோலான்னு அவர்ட்ட கேளுங்க" என்றேன்.

அவர் ஒரு கணம் என்னைப் பார்த்துவிட்டுக் கேட்டார். கன்றுக்குட்டித் தோலாம். இப்போது எல்லோரும் பிளாஸ்டிக் போடுகிறார்கள், இவர் மட்டும் விடாப்பிடியாகத் தோல் வைத்திருக்கிறாராம், இந்தக் கடற்காற்று அவரைக் கொல்கிறதாம். நான் கரி அடுப்பைக் காட்டினேன். தாடிக்காரர் முதலில் சிரித்தார், பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பின்னால் வந்தார். கிட்டப் போகாமல் ஒன்றரை முழம் தள்ளிப் பிடிக்கச் சொன்னேன், நடுவே புறங்கையை வைத்துச் சூடு பார்த்தேன், திருப்பு, திருப்பு என்றேன், நான் தமிழில் சொன்னதற்கெல்லாம் அவர் சரியாகத் திருப்பினார். அந்த மணம் வந்தது. தட்டிப் பார்த்தேன். போதும் என்று கையைக் காட்டினேன். அவர் கம்பியைச் சுண்ட, பக்கத்தில் இறைச்சிக்கு நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

நாற்காலிக்குத் திரும்பி வந்தபோது சம்பந்தி மடியில் பையை வைத்துக்கொண்டு நேராகப் பார்த்தார்.

"கணக்கப்பிள்ளைமாரும் தோல் காய்ச்சுறவையோ, சம்பந்தி?"

மகள் தலையைக் குனிந்துகொண்டாள். பக்கத்துத் தோட்டத்தில் பார்த்தேன் என்று சொல்லியிருக்கலாம், அந்தப் பொய் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஆனால் என் விரலில் இன்னும் அந்தச் சூடு இருந்தது.

"இல்லைங்க சம்பந்தி. கணக்கப்பிள்ளைன்னு நான் சொன்னது பொய். எங்கப்பா பெரட்டுக்குத் தப்படிச்சவரு. காய்ச்சிக் குடுத்தது நான்."

அவர் பையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு மேடைப் பக்கம் திரும்பினார். கச்சேரி மறுபடி தொடங்கிற்று, பேஞ்சோ கணீரென்று பேசியது, தாடிக்காரர் என் பக்கம் பார்த்துத் தலையை ஆட்டினார். பாட்டு நன்றாகத்தான் இருந்திருக்கும், ஆனால் நான் பக்கத்து நாற்காலியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

முடிந்து காரில் வீட்டுக்குப் புறப்பட்டோம். துறைமுகம் தாண்டி இரண்டாவது ரவுண்டபோட்டில் திரும்பும்போது சம்பந்தி, ஜன்னலைப் பார்த்தபடியே, "அந்த மேளம் எவ்வளவு தூரத்துக்குக் கேக்கும்?" என்றார்.

"மேளம் இல்லைங்க, தப்பு."

"சரி, தப்பு."

நன்றாகக் காய்ந்திருந்தால் மூன்று மலைக்குக் கேட்கும் என்றேன். மாப்பிள்ளை கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "இதை முதலே சொல்லியிருக்கலாமே மாமி" என்றார், அவ்வளவுதான்.

சம்பந்தி யாழ்ப்பாணம் திரும்பிவிட்டார். என்னிடம் முன்போல நெருக்கம் என்று சொல்ல முடியாது, ஏதோ ஒன்று குறைந்துதான் இருக்கிறது, ஆனால் வெள்ளிக்கிழமைகளில் போன் எடுக்கிறார், எடுத்தால் ஒரு கேள்வியாவது கேட்காமல் வைக்கமாட்டார். அந்த வட்டம் என்ன மரத்தில் செய்தது? தகப்பனாருக்கு ஆர் பழக்கினது? மழை நாளில் எப்படி அடித்தவர்? இப்போது அந்தத் தோட்டத்தில் பெரட்டுக்குச் சங்கு ஊதுகிறதாம், அப்பாவின் தப்பு எந்தக் கூரையில் கிடந்து போயிற்றோ, அடுத்த வீட்டுக்காரர்களும் ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள், கேட்டுச் சொல்ல ஆளில்லை. கணக்கப்பிள்ளையைப் பற்றிக் கேட்டபோதெல்லாம் எனக்குப் பதில் தயாராக இருந்தது. அப்பாவைப் பற்றிக் கேட்டால், தெரியலைங்க சம்பந்தி என்றுதான் பாதி நாள் சொல்கிறேன்.