ஜாமீனில் வந்த வண்டி

சகாதேவனின் அம்பாசடர் கறுப்பு நிறம். வேலூரில் ஒரு டாக்டர் ஓட்டிய வண்டி. அவர் காலமான பிறகு, 1990இல், சகாதேவன் தன் பங்கு நிலத்தை அண்ணனுக்கே விற்றுவிட்டு அந்தக் காசில் வாங்கினார். தண்டராம்பட்டுப் பக்கத்து விவசாயக் குடும்பம். அதுவரை பிறத்தியாருக்கு லாரி ஓட்டிக்கொண்டிருந்தவர்.

செங்கம் ரோட்டில், ரமணாசிரமத்துக்குக் கொஞ்சம் தள்ளி வண்டியை நிறுத்துவார். வெளிநாட்டுக்காரர்களை மீனம்பாக்கத்தில் கொண்டுபோய் விடுவதும் அங்கிருந்து அழைத்து வருவதும்தான் முக்கியமான சவாரி. காலையில் துடைத்து முடித்தால் பானெட்டில் மலை தலைகீழாகத் தெரியும். மற்ற டிரைவர்கள் அதில் முகம் பார்த்துத் தலை வாரினால் திட்டுவார். ஆனால் உள்ளூரப் பெருமைதான்.

1993 தீபத்தன்று ஊருக்குள் கார்களை விடவில்லை. வேங்கிக்காலில் புதிதாக வீடுகள் எழும்பிக்கொண்டிருந்த ஒரு தெருவில், காலி மனையில் வண்டியை விட்டுவிட்டு, மனைவி பச்சையம்மாளோடு நடந்தே போய்த் தீபம் பார்த்தார். கூட்டத்தில் நசுங்கித் திரும்பி வந்தபோது மனையில் ஒரு மாடு படுத்திருந்தது. வண்டி இல்லை.

"இங்கதானே நிறுத்துனேன்?" என்றார்.

பச்சையம்மாள் குனிந்து, தரையில் இருந்த ஆயில் கறையை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

அடுத்த கோடையில், கிருஷ்ணகிரி அருகே வாகன சோதனையில் வண்டி சிக்கியது. நம்பர் பலகை வேறு. நிறமும் வேறு; வெளிர் நீலத்தில், பிரஷ் கோடு தெரியும்படி ஏனோதானோவென்று அடித்திருந்தார்கள். பின் சீட்டில் தன் கையாலேயே தைத்த கிழிசலைப் பார்த்துத்தான் சகாதேவன் தன் வண்டி என்று நம்பினார். அதை ஓட்டி வந்து பிடிபட்டவன் ஏகாம்பரம் என்று ஒருவன். முப்பது வயது இருக்கும்.

திருட்டு இங்கே நடந்ததால் வழக்கும் இங்கேதான். வண்டியை இங்கே கொண்டுவந்து ஸ்டேஷன் வளாகத்தில் நிறுத்தினார்கள். வேப்பிலை உதிர்ந்து கண்ணாடியை மூடியது. கூரைமேல் ஆட்டுக்குட்டிகள் ஏறி நின்றன. எதிர் டீக்கடையில் உட்கார்ந்து தினமும் பார்த்துக்கொண்டிருந்தார் சகாதேவன். ஒருமுறை ஸ்டார்ட் செய்து பார்க்கக்கூட விடவில்லை. பேட்டரி செத்துப்போனது. டயர்கள் ஒவ்வொன்றாகத் தரையோடு படிந்தன.

கடைசியில் வக்கீல் வைத்து மனுப் போட்டதில், வழக்கு முடியும் வரை வண்டியை அவரே வைத்துக்கொள்ளலாம் என்று நீதிமன்றம் விட்டது. வெளியே வந்ததும் வக்கீல் நிபந்தனைகளைச் சொன்னார். விற்கக் கூடாது. எந்த மாறுதலும் செய்யக் கூடாது. மாவட்டத்தைத் தாண்டக் கூடாது. கூப்பிடும்போதெல்லாம் கொண்டுவந்து காட்ட வேண்டும்.

"பெயிண்டு அடிச்சுக்கலாமா சார்?"

"எந்த மாறுதலும்னா பெயிண்டும்தான். புடிக்கிறப்போ எப்படி இருந்துச்சோ அப்படியே இருக்கணும்."

"எத்தினி நாளைக்கு?"

வக்கீல் சிரித்தார். கேஸ் முடியற வரைக்கும் என்றார்.

வீட்டுப் பத்திரத்தைக் காட்டி வண்டிக்கு ஜாமீன் கொடுத்தது பச்சையம்மாளின் தம்பி அருள்ராஜ். வண்டி காணாமல் போனால் அவன் வீட்டுக்கு ஆபத்து. அதனால் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் சைக்கிளை நிறுத்தி எட்டிப் பார்ப்பான். "மாமா, வண்டி இருக்குதா?" என்பான். நலம் விசாரிப்பதே அவனுக்கு அப்படி ஆகிவிட்டது.

முதல் முறை திருட்டுப் போனபோது நஷ்டம் சகாதேவனுக்கு மட்டும். இன்னொரு முறை போனால் நீதிமன்றத்துக்கும் மைத்துனனுக்கும் அவர்தான் பதில் சொல்ல வேண்டும். ஸ்டியரிங்கையும் கிளட்ச் பெடலையும் சேர்த்துச் சங்கிலி போட்டுப் பூட்டினார். வெளியே தெரியாத மாறுதல்தானே என்று டேஷ்போர்டுக்கு அடியில் ரகசியமாக ஒரு சுவிட்சு வைத்தார். அதைத் தட்டாமல் எஞ்சின் உயிர் பெறாது. இறங்கும்போதெல்லாம் பானெட்டைத் திறந்து, எஞ்சினுக்குத் தீப்பொறி கொடுக்கும் ரோட்டர் என்கிற சின்னச் சாமானைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார். இத்தனைக்கும் பிறகும் டீ குடிக்கும்போது முதுகை ரோட்டுக்குக் காட்டி உட்கார மாட்டார்.

சவாரி கம்மியாகிவிட்டது. செங்கம் தாண்டினால் தர்மபுரி மாவட்டம், கீழ்பென்னாத்தூர் தாண்டினால் விழுப்புரம் மாவட்டம். விமான நிலையம் கேட்டு வந்தவர்களை மற்ற வண்டிகளுக்குக் கைகாட்டிவிட்டு, போளூர், ஆரணி, கலசபாக்கம் என்று உள்ளுக்குள்ளேயே சுற்றினார். பெங்களூரில் பச்சையம்மாளின் அக்கா மகளுக்குக் கல்யாணம் வந்தது.

"பஸ்லயே போயிடலாம். தாலி கட்டுறத பாத்துட்டு உடனே திரும்பிடலாம், வாங்களேன்" என்றாள்.

"வண்டிய யாரு பாத்துக்கிறது?"

"அதுக்குத்தான் அத்தினி பூட்டு போட்டு வெச்சிருக்கீங்களே."

"நீ போயிட்டு வா."

அவள் தனியாகப் போனாள். அதன்பின் எல்லா நல்லது கெட்டதுக்கும் தனியாகத்தான் போனாள்.

வாய்தாவுக்கு வாய்தா நீல வண்டியை நீதிமன்ற வாசலில் கொண்டுபோய் நிறுத்துவார் சகாதேவன். மூன்று மாதம் ஜெயிலில் இருந்துவிட்டு ஜாமீனில் வந்திருந்த ஏகாம்பரம் பஸ்ஸில் வந்து இறங்குவான். முதலில் இவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அப்புறம் இருவரும் ஒரே மரத்தடியில்தான் காத்திருக்க வேண்டியிருந்தது. ஒருநாள் அவனே இரண்டு டீ வாங்கி வந்து ஒன்றை நீட்டினான்.

"ரெண்டாவது கியர் இன்னும் தவறுதாண்ணா?" என்று கேட்டான்.

அறையலாம் போல இருந்தது. ஆனால் அது உண்மையிலேயே தவறிக்கொண்டிருந்தது. "ஆமாம்" என்று சொல்லி டீயை வாங்கிக்கொண்டார்.

1997இல் ஏகாம்பரம் வருவது நின்றது. அவன்மேல் வாரண்டு போட்டார்கள். அவன் கிடைக்காதவரை வழக்கு நகராது. வழக்கு நகராதவரை வண்டிக்கும் விடுதலை இல்லை. சகாதேவன் மட்டும் தவறாமல் வந்து நின்றார். கதவின் அடிப்பக்கம் துருப்பிடித்துக் கொட்டியது. வெல்டிங் வைத்தால் மாறுதல் ஆகிவிடுமோ என்று பயந்து அட்டை வைத்து அடைத்தார்.

2001இல் ஒரு டிரைவர் வந்து சொன்னார்: "உன் ஆளை ஆரணியில பாத்தேன். பஸ் ஸ்டாண்டு பக்கத்துல வண்டி ஸ்டாண்டுல டோக்கன் கொடுக்கிறான்."

அந்த வண்டியோடு போய் அவன் முன்னால் நிற்க மனமில்லாமல், சகாதேவன் அன்றைக்குத்தான் முதல்முறையாக வண்டியை வீட்டில் விட்டுவிட்டுப் பஸ் ஏறினார். வழியெல்லாம் சட்டைப்பையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

ஏகாம்பரம் வரிசையாக நின்ற சைக்கிள்களுக்கும் மொபெட்டுகளுக்கும் நடுவே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான். முடி நரைத்திருந்தது. இவரைப் பார்த்ததும் எழுந்து நின்றான்.

"போலீஸ கூட்டிட்டு வந்திருக்கீங்களாண்ணா?"

"இல்ல. நான் மட்டும்தான். கோர்ட்டுக்கு வந்து ஒத்துக்கோப்பா. அதைக் கேட்கத்தான் வந்தேன்."

"ஒத்துக்கினா இந்த வேலை போயிடும். வண்டி திருடுனவன்னு தெரிஞ்சா யாரு என்னை நம்பி வண்டிய விடுவாங்க? நான் வந்தப்புறம் இங்க ஒரு சைக்கிள்கூட தொலைஞ்சதில்லண்ணா."

சகாதேவன் அவன் கையைப் பிடித்துக்கொண்டார். "நீ மூணு மாசம் உள்ள இருந்த. நான் ஏழு வருசமா இருக்கிறேன். என்னை வெளிய விடுப்பா."

டோக்கன் கேட்டு ஒருவர் வந்தார். ஏகாம்பரம் கொடுத்து அனுப்பிவிட்டு, நீங்க போங்கண்ணா என்று மட்டும் சொன்னான். சகாதேவன் திரும்பி வந்து படுத்துக்கொண்டார்.

இரண்டு மாதம் கழித்து ஏகாம்பரம் தானாகவே வந்து ஆஜரானான். நீதிபதி கேட்டபோது, செய்தேன் என்றான். வாரண்டுக்குப் பயந்து ஒளிந்ததற்கும் சேர்த்துச் சில மாதம் தண்டனை கிடைத்தது. போலீஸோடு வெளியே நடக்கும்போது சகாதேவனைப் பார்த்துத் தலையசைத்தான். இவர் கும்பிட்டார். எதற்குக் கும்பிட்டோம் என்று அவருக்கே புரியவில்லை.

வண்டி மேலிருந்த கட்டு நீங்கியது. அதே மாதம், நீல நிறத்தோடேயே, போளூரில் ஒரு பழைய வண்டி வியாபாரியிடம் தள்ளிவிட்டார். அருள்ராஜ் வந்து ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தான். என்ன கேட்பது என்று தெரியாமல் எழுந்து போனான். சகாதேவன் ஒரு டிராவல்ஸில் சம்பளத்துக்கு வேன் ஓட்டப் போனார்.

ஏகாம்பரம் விடுதலையானதும் ஸ்டாண்டுக்காரர் அவனைத் திரும்பச் சேர்க்கவில்லை. விஷயம் காதுக்கு வந்து, சகாதேவன் ஆரணிக்கு ஒருமுறை போய்ப் பார்த்தார். ஸ்டூலில் வேறொருவர் இருந்தார். குடும்பத்தோடு எங்கேயோ போய்விட்டான் என்றார்கள். ஊர் பெயர் யாருக்கும் தெரியவில்லை.

அதன்பிறகு ஆரணி பக்கம் சவாரி வந்தால், முதுகு வலி என்று சொல்லி வேறு டிரைவரை அனுப்பிவிடுவார்.