குலுங்காத டயர்

மதுரை ஆஸ்பத்திரியில் டாக்டர் என்னை மட்டும் தனியாகக் கூப்பிட்டுப் பேசிய அன்றைக்கு, வெளியே வந்து நான் செய்த முதல் காரியம் சைக்கிள் டயரைப் பற்றிப் போனில் படித்ததுதான். மனைவிக்கு முதுகெலும்பில் ஆபரேஷன் முடிந்திருந்தது. எழுந்து உட்காரலாம், பிடித்துக்கொண்டு நாலு எட்டு நடக்கலாம், ஆனால் இனிமேல் உடம்பு குலுங்கவே கூடாது என்றார். பஸ், ஆட்டோ, பைக் எல்லாவற்றையும் மறந்துவிடுங்கள் என்றார். சைக்கிளை அவர் சொல்லவில்லை. இந்தக் காலத்தில் பெண்டாட்டியைச் சைக்கிளில் வைத்து ஓட்டுகிறவன் ஒருவன் இருப்பான் என்று அவருக்குத் தோன்றியிருக்காது. நானும் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவார். வராந்தாவில் ஒரு நாற்காலியைப் பிடித்து உட்கார்ந்து, குலுங்காத டயர் எது என்று தேட ஆரம்பித்தேன்.

எங்களிடம் இருப்பது தூரப் பயணத்துக்கென்றே செய்த சைக்கிள். அருப்புக்கோட்டையில் மில் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் வாங்கினேன். விற்றவர் கியரைப் பற்றியும் பிரேக்கைப் பற்றியும் மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டிருந்தார். நான் கேட்ட ஒரே கேள்வி, பின் காரியர் ஆளைத் தாங்குமா என்பது. அவர் முழித்தார். அது பை கட்டுவதற்கு சார் என்றார். எங்கள் பக்கத்தில் சைக்கிள் வாங்குகிறவன் முதலில் காரியரைத்தான் ஆட்டிப் பார்ப்பான். ஒருத்தர் மட்டும் போவதற்கு எதற்குச் சைக்கிள் என்பது எங்கள் நியாயம். அந்தக் காரியரைக் கழற்றிப் போட்டுவிட்டு, பட்டறையில் கனமாக ஒன்று செய்யச் சொல்லி, மேலே ஸ்பாஞ்சு வைத்துத் தைத்து மாட்டினேன்.

அதில் அவள் ஒருபக்கமாக உட்கார்ந்துகொள்ள, திருச்சுழி, பரளச்சி, காரியாபட்டிச் சந்தை என்று போய்வந்தோம். ஞாயிற்றுக்கிழமைகளில் ஹெல்மெட் போட்ட இளவட்டங்கள் மதுரை ரோட்டில் எங்களைத் தாண்டிப் போவார்கள். அவர்கள் சைக்கிளுக்குப் பின்னால் அழகழகான பைகள் தொங்கும். என் சைக்கிளுக்குப் பின்னால் குடை பிடித்தபடி ஒரு பெண்மணி. அவர்கள் திரும்பிப் பார்த்தால் இவள் டாட்டா காட்டுவாள். எனக்குத்தான் வெட்கமாக இருக்கும். அடுத்து சாயல்குடி வழியாகக் கடல் வரைக்கும் போவது என்று பேசி வைத்திருந்தோம். நடுவில் பரளச்சியில் அவள் சித்தி வீட்டில் ஒரு ராத்திரி தங்கல். அதற்குள் முதுகு போய்விட்டது.

ஆம்புலன்ஸில் படுக்க வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தோம். அதற்குப் பிறகு எனக்கு ஒன்றுமே உறைக்கவில்லை. சர்ச்சிலிருந்து ஜெபம் பண்ண வந்த அம்மாமார்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நான் அவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டேன். கஞ்சி வைத்தேன், மாத்திரை கொடுத்தேன், அவளைப் புரட்டிப் படுக்க வைத்தேன். சம்மணம் போட்டு ரொம்ப நேரம் உட்கார்ந்தால் கால் மரத்துப்போய், கிள்ளினாலும் யாருடைய காலையோ கிள்ளுவது போல இருக்குமே, அப்படித்தான் முழு ஆளும் இருந்தேன். மகன் பெங்களூரிலிருந்து போனில் அழுதான். நான் அவனிடம், சாப்பிட்டாயா என்று கேட்டேன். டயரைப் பற்றிப் படிக்கும்போது மட்டும் மூளை ஓடியது.

படிக்கப் படிக்க ஒரு சங்கடம் புரிந்தது. முள் ஏறாத டயர் என்றால் உள்ளே கனமான பட்டை இருக்கும். அது விறைப்பாக நிற்கும், ரோட்டில் கிடக்கிற ஒவ்வொரு கல்லையும் முதுகுக்குச் சொல்லிவிடும். குலுங்காத டயர் என்றால் அகலமாக, மெல்லிசாக, கல்லுக்குத் தக்கபடி நசுங்கிக்கொடுக்கும். ஆனால் அதில் முள் சுலபமாக இறங்கிவிடும். இரண்டும் சேர்ந்த டயர் உலகத்தில் இல்லை. வெளிநாட்டுக்காரர்கள் மழையில் வழுக்குமா, பனியில் பிடிக்குமா என்று பக்கம் பக்கமாக எழுதியிருந்தார்கள். எங்கள் பக்கம் மழை பெய்தால் வழுக்கி விழவும் தயாராக இருக்கிறோம். சீமைக்கருவேல முள்ளைப் பற்றி ஒரு மனிதன் வாயைத் திறக்கவில்லை. இங்கே புது டயர் போட்டாலும், பழைய டயரின் ஓரக் கம்பியை அறுத்துவிட்டு மீதி ரப்பரை உள்ளே ஒரு சுற்று வைத்துத்தான் ஓட்டுவோம். அப்படியும் பஞ்சர் ஒட்டாத மாதம் கிடையாது.

டாக்டர் சொன்னதை நான் அவளிடம் சொல்லவில்லை. கொஞ்ச நாளில் சரியாகிவிடும் என்றுதான் சொல்லியிருந்தேன். அவள் மறுபடியும் அந்தக் காரியரில் உட்காருவாளா என்கிற ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பேசினோம். டயர் விஷயம் முழுவதும் அவளுக்குத் தெரியும். கட்டிலில் படுத்தபடியே அகலம், விலை, நிறம் என்று ஒவ்வொன்றாகக் கேட்பாள்.

ஒரு நாள், ஓட்டுகிறவர் எடையையும் சாமான் எடையையும் போட்டால் எந்த அகல டயர் வேண்டும் என்று தானே சொல்லும் ஒரு பக்கம் போனில் கிடைத்தது. போட்டுக்கொண்டிருந்தேன்.

"சாமான்னு எதப் போட்டீக?" என்றாள்.

"ஒன்னயத்தான்."

"ஆத்தீ, என்னைய லக்கேஜ்ல சேத்துட்டீகளாக்கும்."

"வேற எதுல சேக்க?"

"எம்புட்டுப் போட்டீக?"

ஆபரேஷனுக்கு முந்தின எடையைத்தான் போட்டிருந்தேன். சொன்னேன். போர்வைக்கு மேல் கிடந்த தன் கையை அவள் பார்த்துக்கொண்டாள்.

"இப்ப அம்புட்டு இல்லீங்க."

"இருக்கட்டும். தேறிருவ."

டயரின் ஓரம் கருப்பில் வாங்கவா, பழுப்பில் வாங்கவா என்று பேச்சை மாற்றினேன். கருப்பே இருக்கட்டும், அழுக்குத் தெரியாது என்றாள். இருப்பதிலேயே அகலமான, மெல்லிசான டயருக்கு ஆர்டர் போட்டேன். முள் குத்தினால் குத்தட்டும், நான் ஒட்டிக்கொள்வேன்.

பார்சல் வந்ததும் எப்போதும் போகும் சைக்கிள் கடைக்கு எடுத்துப் போனேன். கடைக்காரர் என்னைவிட இளையவர், எங்கள் இரண்டு பேரையும் பல வருடமாகத் தெரியும். டயரை விரலால் நசுக்கிப் பார்த்துவிட்டு முகம் சுளித்தார்.

"அண்ணே, நம்ம முள்ளுக்கு இது எம்மாத்திரம். பரளச்சி போறதுக்குள்ள ஒக்காந்துரும்."

"ஒக்காந்தா ஒக்காரட்டும். குலுங்கக் கூடாதுப்பா."

"உள்ள பழைய டயரு ஒரு சுத்து வச்சு விடவா?"

"வேணாம். வெறைச்சுக்கிரும்."

அவர் அதற்கு மேல் வாதாடவில்லை. மட்கார்டைக் கழற்றிய பிறகுதான் டயர் உள்ளே நுழைந்தது. மாட்டிக் காற்றடித்துக்கொண்டே, மதினி எப்படி இருக்காக என்று கேட்டார். இருக்கா என்றேன்.

மறுநாள் காலையில் பக்கத்து வீட்டு அக்காவை அவளோடு இருக்கச் சொல்லிவிட்டு, திருச்சுழி ரோட்டில் ஓட்டிப் பார்த்தேன். மக்காச்சோளம் முழங்கால் உயரம் நின்றது. தார் ரோட்டில் வித்தியாசம் ஒன்றும் தெரியவில்லை. கரிசல் காட்டுக்குள் போகிற ஒரு வண்டிப்பாதையில் திருப்பியதும் சைக்கிள் குதிக்க ஆரம்பித்தது. ஒவ்வொரு கல்லுக்கும் பின்சக்கரம் எழும்பி எழும்பி விழுந்தது. இதற்குப் பழைய டயரே தேவலை. எனக்குக் கண்மண் தெரியாமல் ஆத்திரம் வந்தது. டாக்டர் சொன்னபோது வராத ஆத்திரம், ஊர் பேர் தெரியாத ஒரு டயர் கம்பெனிக்காரன் மேல் வந்தது. இறங்கி, பின் டயரை ஓங்கி ஓர் உதை விட்டேன். பக்கத்தில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவர், "பஞ்சராண்ணே?" என்று கேட்டார். பஞ்சர்கூட ஆகவில்லை.

வீட்டுக்கு வந்து அவளிடம் கொட்டித் தீர்த்தேன்.

"இம்புட்டுப் படிச்சு வாங்கி என்ன? கட்ட வண்டி மாதிரிக் குதிக்குது. இதத் திருப்பி அனுப்பிட்டு வேற பாக்கணும்."

"சைக்கிள உள்ள கொண்டாங்க," என்றாள்.

"எதுக்கு?"

"கொண்டாங்களேன்."

வாசற்படியில் தூக்கி ஏற்றி, கட்டிலை ஒட்டி நிறுத்தினேன். அவள் மெதுவாக ஒருக்களித்துப் படுத்து, கையை நீட்டி, பின் டயரைக் கட்டைவிரலால் அமுக்கினாள். விரல் இறங்கவில்லை. கொஞ்சம் தள்ளி இன்னொரு இடத்தில் அமுக்கினாள்.

"டயரு நல்ல டயருதாங்க. இது டபுள்ஸுக்கு அடிச்ச காத்து. கடைக்காரத் தம்பி எப்பவும் போல அடிச்சு விட்ருக்காரு. நீங்க ஒத்தையாப் போனா குதிக்கத்தான செய்யும்."

எனக்கு அது தோன்றவே இல்லை. எங்கள் இரண்டு பேருக்கும் என்று அடித்த காற்றில்தான் எப்போதும் ஓட்டியிருக்கிறேன். வேறு காற்று உண்டு என்பதே மறந்து போயிருந்தது.

"ஒரு ஆளுக்கு எறக்கிருங்க," என்றாள்.

"நீ தேறுனதும் மறுபடி அடிக்கணும்ல. இருக்கட்டும்."

"டாக்டரு என்கிட்டயும் சொன்னாருங்க." அவள் என்னைப் பார்க்காமல் டயரைப் பார்த்துச் சொன்னாள். "நீங்க டயரு டயருன்னு இருந்தீக. சரி, வாங்கி முடிக்கட்டும்னு இருந்தேன்."

நான் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன்.

"கடலுக்குப் போயிட்டு வந்து எப்படி இருந்துச்சுன்னு சொல்லுங்க," என்றாள். "உங்க முதுகாச்சும் நல்லா இருக்கட்டும். எறக்குங்க."

வால்வு மூடியைக் கழற்றி, உள்ளே இருக்கும் ஊசியை நகத்தால் அமுக்கினேன். காற்று சீறிக்கொண்டு வெளியே வந்தது. அவள் டயரிலிருந்து கட்டைவிரலை எடுக்கவில்லை. அமுக்கி அமுக்கிப் பதம் பார்த்துக்கொண்டே இருந்தாள். எனக்கு அப்போதுதான் வலித்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில் வந்திருக்க வேண்டிய வலி. போதுமா என்று கேட்க நிமிர்ந்தேன்.

"இன்னும் கொஞ்சம்," என்றாள்.