வயலோரக் கல்லில் யார் பெயர்

நாங்கள் குடியேறிய இங்கிலீஷ் ஊரான தோர்ண்டன் ஹீத்தில் எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அந்தப் பக்கம் தனியாக இருப்பவர் எண்பது தாண்டிய ஐரிஷ் அன்ரி. அயர்லாந்தின் மேற்கில் ஒரு சின்னக் கிராமம் அவருடையது. ஒரு தேவாலயம், ஒரு பப், மிச்சமெல்லாம் மாடும் மழையும். அந்த ஊர்ச் சரித்திரத்தில் எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு வயல்தான். அதை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

ஞானஸ்நானம் கொடுக்கமுன் இறந்துபோகும் குழந்தைகளை அங்கே தேவாலயத்துச் சேமக்காலையில், மற்றச் சனத்தோடு புதைக்க விடமாட்டார்களாம். பொழுது சாய்கிற நேரம் தகப்பன் ஒரு பெட்டியில் கொண்டுபோய் அந்த வயலோரத்தில் புதைத்துவிட்டு வர வேண்டும். தாய் போகக் கூடாது. அன்ரியின் முதல் மகன் பிறந்த அன்றே போய்விட்டான். எந்த இடத்தில் வைத்தேன் என்று கணவர் சாகும்வரை சொல்லவில்லை. எங்கள் சனமும் பச்சைக் குழந்தையை எரிப்பதில்லை, புதைப்பதுதான். அதற்காக அதை ஊருக்கு ஆகாததென்று ஒதுக்குவதில்லை.

போன வருடம் அந்த ஊர்ச் சரித்திரச் சங்கம் வயலில் நினைவுக்கல் வைக்கப்போவதாக அன்ரிக்குத் தெரியவந்தது. மகனுடைய பெயர் அதில் இருக்க வேண்டும், வேறொன்றும் வேண்டாம் என்றார். அந்தப் பெயரை வைத்தவரும் அவர்தான், கூப்பிட்டவரும் அவர் ஒருவர்தான். என்னுடைய போனில்தான் சங்கச் செயலாளரோடு பேசினோம். மனிதர் தேன் ஒழுகப் பேசினார். அவர் இங்கிலீஷில் சொன்னது எங்கள் தமிழில் இவ்வளவுதான்: "தேவாலயப் பதிவில இல்லாத பெயரைக் கல்லில போட ஏலாது, அம்மா. எல்லாப் பிள்ளையளுக்கும் பொதுவா ஒரு வரி போடுறம்."

பதியாமல் விட்டது யார் குற்றம் என்று கேட்க எனக்கு வாய் வரை வந்தது. அன்ரி என் கையைப் பிடித்துக்கொண்டார். வீட்டில் என் கணவர் வேறு, "உனக்கேன் ஊர் வம்பு?" என்றார்.

கல்லைத் திறந்த அன்று லைவில் காட்டினார்கள். அன்ரிக்குக் கண் மங்கல்.

"என்ன எழுதியிருக்கு? வாசிச்சுச் சொல்லும்."

வாசித்தேன். மேலே, இங்கு உறங்கும் குழந்தைகளின் நினைவாக என்று ஒரு வரி. கீழே கல்லை ஆசீர்வதித்த குருவின் பெயர், சங்கத் தலைவரின் பெயர், அந்தச் செயலாளரின் பெயர், பொருளாளரின் பெயர், பிறகு உறுப்பினர்கள் ஒவ்வொருவராக. வெட்கம் கெட்டவர்கள். வாசிக்க வாசிக்க எனக்கு வாயெல்லாம் கசந்தது.

"பிறகு?" என்றார்.

"அவ்வளவுதான், அன்ரி."

தேத்தண்ணிக் கோப்பையைத் தள்ளி வைத்தார்.

"அவையள் எல்லாருக்கும் ஞானஸ்நானம் நடந்திருக்கும்" என்றார்.