சீதன வீட்டுக் கொமட்

மாமிக்கு முழங்காலில் சத்திரசிகிச்சை செய்த டொக்டர் வீட்டுக்கு அனுப்பும்போது ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: இனிக் குந்தக்கூடாது. அந்த ஒரு வசனத்தோடு, நாற்பது வருடமாகக் குறைசொல்ல இடமில்லாமல் உழைத்த எங்கள் பின்வளவுக் கக்கூஸ் பதவி இழந்தது. மனைவியின் தம்பி அன்றே கனடாவிலிருந்து வீடியோவில் தோன்றி, அம்மாவின் அறையோடு ஒட்டிக் குளியலறை கட்டி, அதற்குள் ஒரு கொமட் வைக்கவேண்டும் என்று தீர்ப்பு வழங்கினார். தீர்ப்பு அவருடையது, வேலை என்னுடையது. எங்கள் குடும்பத்தில் பொறுப்புகள் எப்போதும் இப்படித்தான் பிரிபடும்.

நான் கரவெட்டியில் பிறந்து, கலியாணம் முடித்து அளவெட்டிக்குச் சீதன வீட்டுக்கு வந்தவன். வந்து முப்பது வருடமாகிறது. மாமி என்னோடு கதைப்பார், ஆனால் எல்லாம் கதைக்கமாட்டார். மழை வருமா, கோயிலில் கொடியேற்றம் எப்போது, வெங்காயத்துக்குத் தண்ணீர் விட்டாயிற்றா என்பவை எனக்கு நேரே வரும். உடம்புக்கு ஏலாது என்பது மனைவி வழியாகச் சுற்றி வரும். கக்கூஸ் பற்றிய கதை எந்த வழியாலும் வராது. மருமகனின் காதில் விழும் தூரத்தில் அந்தச் சொல்லைச் சொல்வதிலும் பார்க்க, மாமி மற்ற முழங்காலையும் வெட்டக் கொடுத்திருப்பார்.

மேசன் சொன்ன தவணையில் வேலையை முடித்தார். இது யாழ்ப்பாணத்தில் நடக்கக்கூடிய காரியமா என்று எனக்கு அப்போதே ஒரு சந்தேகம் வந்திருக்கவேண்டும். புதுக் குழி, புதுக் குழாய், பால் வெள்ளையில் கொமட். போகுமுன் ஒருதரம் பிளஷை அமத்திக் காட்டினார். தண்ணீர் இரைந்துகொண்டு போனது. நான் தலையை ஆட்டினேன். முப்பத்திரண்டு வருடம் விஞ்ஞானம் படிப்பித்தவன் தலையை ஆட்டினால் அது தரச் சான்றிதழ்.

பத்து நாள் போயிருக்கும். பிளஷ் மெலிந்துவிட்டது என்று மனைவி வந்து சொன்னார். போய்ப் பார்த்தேன். அமத்தினால் தண்ணீர் மேலே ஏறியது, நின்று யோசித்தது, இரண்டு குமிழி விட்டது, பிறகு மனமில்லாமல் இறங்கியது. போகவேண்டியது மட்டும் போகவில்லை.

மேசனுக்குப் போன் எடுத்து, அவருடைய தொழில் அறிவைப் பற்றி எனக்கிருந்த கருத்துகளை ஒன்றும் மிச்சம் வைக்காமல் தெரிவித்தேன்.

"நான் விட்டிட்டுப் போகேக்கை வடிவாத்தானே போனது மாஸ்டர். பிறகு ஆரும் கை வைச்சனீங்களோ?"

"நான் ஏன் கை வைக்கிறன்?" என்று போனை வைத்தேன். திமிர் பிடித்த மனுசன்.

மருதனார்மடத்து ஹாட்வெயார்க் கடைக்காரர், தண்ணீர்த் தாங்கி உயரம் காணாது என்றார். அவரிடம் தாங்கி வைக்கும் இரும்புச் சட்டம் விற்பனைக்கு இருந்தது. கனடாக்காரர், அங்கே ஒருதரம் அமத்தினால் காணும் என்ற பயனுள்ள தகவலைத் தந்தார். நான் பிளஷ் பெட்டி மூடியைத் திறந்து மிதவையை உயர்த்தினேன். பிறகு தாழ்த்தினேன். "வெளியிலை ஏதும் பிழையோ தெரியாது, ஒருக்காப் போய்ப் பாருங்கோவன்" என்று மனைவி இரண்டு தரம் சொன்னார். இரண்டு தரமும் அவருக்கு ஈர்ப்பு விசையைப் பற்றி விளக்கம் கொடுத்தேன். அதுவரைக்கும் வாளியால் ஊற்றச் சொன்னேன். ஒரு கையில் பொல்லுப் பிடித்து நடக்கும் மாமி மற்றக் கையில் வாளியைத் தூக்கேலாது என்பது என் விளக்கத்துக்குள் வரவில்லை. ஆகவே, மாமி வெளியே வந்த பிறகு மனைவி உள்ளே போய் ஊற்றினார். நான் பின்வளவில் பழைய கக்கூஸைச் சௌகரியமாகப் பாவித்துக்கொண்டு இருந்தேன்.

ஒரு மாதத்தில் மாமிக்கு நடுக்கத்தோடு காய்ச்சல். சலம் போகும் வழியில் கிருமி என்றார் டொக்டர். "ஒரு நாளைக்குத் தண்ணி எவ்வளவு குடிக்கிறியள் அம்மா?" என்று கேட்டார். மாமி என்னைப் பார்த்தார். பிறகு சுவரைப் பார்த்தார். கொஞ்சம் பிந்தித்தான் விளங்கி, நான் எழும்பி வெளியே போனேன்.

வீட்டுக்கு வந்ததும் குசினிக்குள் வைத்து மனைவி சொன்னார். "காலமை ஒரு மிடறு தேத்தண்ணி. குளிசை போட அரைக் கப் தண்ணி. அவ்வளவுதான். குடிச்சால் போகவேணும், போனால் நான் வந்து ஊத்தவேணும். பெத்த பிள்ளை தன்ரையைப் பாக்கிறது எண்டு அவவுக்கு வெக்கம்."

வயது போகிறது, சாப்பாடு குறைகிறது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். நெஞ்சுக்குள் என்னவோ செய்தது. எனக்கு நெஞ்சுக்குள் என்னவோ செய்தால் நான் யாரையாவது ஏசுவேன். மேசனைக் கூப்பிட்டு ஏசினேன்.

மனுசன் வந்தார். பெட்டியைத் திறந்து பார்த்தார். ஒரு வாளி தண்ணீர் ஊற்றிவிட்டுக் குமிழியையே பார்த்துக்கொண்டு நின்றார். "அடைப்பு ஒண்டும் இல்லை மாஸ்டர். உள்ளை இருக்கிற காத்துக்குப் போக வழியில்லை" என்று சொல்லி வீட்டுக்குப் பின்பக்கம் போனார். குழியிலிருந்து சுவரோடு கூரை மட்டத்துக்கு ஏறும் காற்றுக் குழாயை அண்ணாந்து பார்த்தார்.

"உந்தச் சொப்பிங் பையை ஆர் கட்டினது?"

இதை நான் இவ்வளவு நேரமும் சொல்லவில்லை. சொல்ல விருப்பமும் இருக்கவில்லை. வேலை முடிந்து அடுத்த கிழமை, நுளம்பு ஒழிப்பு என்று சுகாதாரப் பரிசோதகர் எங்கள் ஒழுங்கையில் வீடு வீடாக ஏறினார். குழாய் வாய்க்கு வலை கட்டச் சொன்னார். வலையில் ஓட்டை இருக்குமே என்று எனக்குள் இருந்த விஞ்ஞானி யோசித்தான். புடவைக்கடைப் பை இரண்டை ஒன்றுக்குள் ஒன்றாகப் போட்டு, நைலோன் கயிற்றால் ஏழு முடிச்சுப் போட்டுக் கட்டினேன். அது இப்போது காற்றேறி, பொங்கிய பூரி மாதிரி மேலே நின்றது. பால் ரின்னில் ஒரு ஓட்டை போட்டால் பால் வராது, காற்றுப் போக இன்னொரு ஓட்டை வேண்டும் என்று நான் வருடாவருடம் ரின்னும் ஆணியுமாய் வகுப்பில் செய்து காட்டியவன்.

மேசன் ஏறிப் பையை அறுத்தார். குழாய் விட்ட மூச்சில் நானும் மனைவியும் நாலு அடி பின்னுக்குப் போனோம். பிறகு அமத்தினால், தண்ணீர் முதல்நாள் போல இரைந்துகொண்டு போனது. வலையைக் கட்டிவிட்டு, தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, ஒரு சொல்லும் சொல்லாமல் மேசன் போனார். ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"பாத்தீரே, எல்லாம் காத்தமுக்கம்" என்று மனைவியிடம் தொடங்கினேன்.

"அது அம்மாவுக்கு அண்டைக்கே தெரியும்" என்றார் மனைவி. "நீங்கள் ஏணி வைச்சுக் கட்டினதை யன்னலாலை பாத்துக்கொண்டிருந்தவ. அண்டு பின்னேரமே பிளஷ் போகேல்லை. உந்தப் பைதான் எண்டு என்னட்டைச் சொன்னவ."

"பிறகேன் எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை?"

"மருமகன் செய்ததைப் பிழை எண்டு எப்பிடிச் சொல்லுறது எண்டு கேட்டா. என்னையும் சொல்லவேண்டாம் எண்டு சத்தியம் வாங்கிப்போட்டா."

முப்பது வருடமாக இந்த வீட்டில் யாரும் என்னில் ஒரு குறை சொன்னது கிடையாது. நான் குறை விடுவதில்லை, அதனால்தான் என்று நம்பியிருந்தேன். எனக்கு அவமானமாக இருந்தது. மாமியின் அறை வாசலில் போய் நின்றேன். கட்டிலில் சாய்ந்திருந்தவர் என்னைக் கண்டதும் நிமிர்ந்து, சேலைத் தலைப்பை இழுத்துத் தோளை மூடினார்.

"மாமி, பிழை என்ரைதான்" என்றேன்.

மாமி யன்னல் பக்கம் பார்த்தார்.

"சீ, உங்களிலை என்ன பிழை தம்பி. நுளம்பு வராமல் நல்லாத்தானே கட்டினியள்."